கல்லூரி வாசலில் நின்று திரும்பாதீர்கள்!

காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கப் போகிறவர் என்ன செய்கிறார்? மீன்காரம்மா விலை சொன்னவுடன் காசை எடுத்து நீட்டி விடுகிறாரா? இல்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். கண்ணைப் பார்க்கிறார். விரலால் அழுத்திப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் பேரம் பேசுகிறார்.

ஒரு வேளைக் குழம்புக்கு இத்தனை சோதனை!

அதே மனிதர் தம் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது என்ன செய்கிறார்? வழவழப்பான விளம்பரத் தாளைப் புரட்டுகிறார். தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்கிறார். கட்டடத்தை அண்ணாந்து பார்க்கிறார். "பெரிய இடமாகத்தான் இருக்கிறது" என்று பணத்தைக் கட்டி விடுகிறார். போவது பணம் மட்டும் அல்ல. பிள்ளையின் வயதில் மூன்று அல்லது நான்கு வருஷம். போன பணத்தையாவது சம்பாதிக்கலாம். போன வருஷத்தை யார் திருப்பித் தருவார்?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள நம் மக்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர், கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறவர், மீன் விற்கும் தாய்மார் - இவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிறவர்கள். எதைப் பார்ப்பது, யாரைக் கேட்பது என்று சொல்லித் தர வீட்டில் ஆள் இல்லை. ஆகவே மற்றவர்களை விட இவர்கள்தான் கல்லூரியை நேரில் போய், நன்றாகப் பார்த்துச் சேர வேண்டும்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது வழக்கமாகி விட்ட காரியம். கல்லூரியே நாள் குறித்து அழைக்கிறது. மூத்த மாணவர் ஒருவர் முன்னே நடந்து வகுப்பு, நூலகம், விடுதி எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுகிறார். பார்க்க வந்தவர்கள் கேள்வி கேட்கிறார்கள். ஒன்றுக்கு நாலு இடம் பார்த்த பிறகே முடிவு செய்கிறார்கள்.

நம் நாட்டிலும் இது தொடங்கியிருக்கிறது. தமிழக அரசு 2022 மார்ச் 1ந் தேதி 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. அந்த ஆண்டே 'கல்லூரிக் கனவு' என்ற பெயரில் மேற்படிப்பு வழிகாட்டிக் கூட்டங்களும் நடந்தன. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளைப் பக்கத்தில் உள்ள கல்லூரிக்குக் களப்பயணம் அழைத்துப் போவதும் இதில் சேர்ந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் பஸ்ஸில் ஏற்றிப் போய், ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து, பிரசங்கம் கேட்கச் செய்து, பிஸ்கட் கொடுத்து அனுப்பி விட்டால், அது வெறும் உல்லாசப் பயணம்தான்.

தூரம் குறைந்தது, தயக்கம் குறையவில்லை

முன்பெல்லாம் "கிண்டி எங்கே, திருவொற்றியூர் எங்கே!" என்று சொல்வார்கள். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. 2021 பிப்ரவரி 14ந் தேதி வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரெயில் ஓடத் தொடங்கியது. விம்கோ நகரில் ஏறி உட்கார்ந்தால் சின்னமலையிலோ கிண்டியிலோ இறங்கலாம். அண்ணா பல்கலைக் கழகம் பக்கம்தான்.

இந்த வழியில் ஒரு நிலையத்தின் பெயரே 'தியாகராயா கல்லூரி'. ரெயில் நிற்கிறது. ஒலிபெருக்கி கல்லூரியின் பெயரைச் சொல்கிறது. கதவு திறக்கிறது. நாள்தோறும் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டே போகிற எத்தனையோ பேர் அந்தக் கல்லூரிக்குள் ஒரு தடவையாவது போயிருப்பார்களா?

காரணம் தூரம் அல்ல. தயக்கம்.

"உள்ளே விடுவாங்களாம்மா?" என்கிறாள் மகள்.

"யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்க. வா, போயிடலாம்" என்கிறாள் தாய்.

இருவரும் வாசலில் சற்று நின்று விட்டுத் திரும்பி விடுகிறார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. அவர்களே தங்களைத் தடுத்துக் கொண்டார்கள்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வாசல் காவற்காரரிடம் நேராகச் சொல்லுங்கள்: "என் பெண் பிளஸ் 2 படிக்கிறாள். இங்கே சேரலாமா என்று பார்க்க வந்திருக்கிறோம். ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும்?" அவர் நீட்டும் நோட்டில் பெயரை எழுதி உள்ளே போங்கள். இன்றைக்கு முடியாது என்றால், எந்த நாளில் வரலாம் என்று கேட்டுக் கொள்ளுங்கள். முதல் நாளே கல்லூரி ஆபீசுக்கு டெலிபோன் செய்து விட்டுப் போனால் இன்னும் நல்லது. ஆதார் அட்டையும் மதிப்பெண் பட்டியலின் நகலும் கையில் இருக்கட்டும். அசல் வேண்டாம்.

அரசுக் கல்லூரி மக்கள் வரிப் பணத்தில் நடப்பது. தீப்பெட்டி வாங்குகிறவரும் அந்த வரியைக் கொடுக்கிறார். ஆகவே அந்த வாசலில் நிற்கிறவர் யாசகர் அல்ல, பங்குதாரர்.

எப்போது போவது?

பெரும்பாலோர் மே மாதம் பிளஸ் 2 முடிவு வந்த பிறகு கிளம்புகிறார்கள். அப்போது கல்லூரிக்கு விடுமுறை. வகுப்பறை பூட்டியிருக்கும். சோதனைக் கூடம் பூட்டியிருக்கும். விண்ணப்பம் வாங்கும் ஜன்னல் மட்டும் திறந்திருக்கும். பூட்டிய கதவைப் பார்த்து என்ன தெரிந்து கொள்ள முடியும்?

ஆகவே இரண்டு தடவை போக வேண்டும். முதல் தடவை, பிள்ளை பதினொன்றாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருக்கும்போதே, கல்லூரி நடக்கிற நாளில். கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து போனாலும் போதும். பாடம் நடப்பதை அப்போதுதான் பார்க்கலாம். இரண்டாம் தடவை, சேருவதற்கு முன், தாயோ தகப்பனாரோ உடன் போக வேண்டும். கட்டணம், உதவித் தொகை, விடுதி முதலிய பண விஷயங்களை அப்போது பேச வேண்டும்.

நம் கடற்கரை மக்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு கஷ்டமும் உண்டு. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15ந் தேதி முதல் ஜூன் 14ந் தேதி வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். கல்லூரிச் சேர்க்கைப் பருவமும் அதுவேதான். படகில் போகிற தகப்பனார் பிள்ளையோடு கல்லூரிக்குப் போக அப்போது நேரம் இருக்கிறது. இது வசதி. ஆனால் வருமானம் நின்று போன அந்த மாதத்தில்தான் கட்டணம் கட்டச் சொல்வார்கள். இது கஷ்டம். ஆகவே, "தவணையாகக் கட்டலாமா? எத்தனை தவணை? கடைசி நாள் எது?" என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். கடைசி நாளில் ஓடினால் அடகுக் கடைதான் கதி.

முகப்பைக் கண்டு மயங்காதீர்கள்

பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே சில இடங்கள் இருக்கின்றன. குளிர்சாதன மண்டபம், கண்ணாடிக் கதவு, பூந்தொட்டி, கோப்பைகள் அடுக்கிய அலமாரி. இவற்றைப் பார்த்தது போதும் என்று திரும்பி விடாதீர்கள். பிள்ளை மூன்று வருஷம் உட்காரப் போவது அந்த மண்டபத்தில் அல்ல. வகுப்பறையைக் காட்டச் சொல்லுங்கள்.

சோதனைக் கூடத்துக்குப் போங்கள். இயந்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது ஓடுகிறது என்று பொருள். மேலே மூடிய பிளாஸ்டிக் உறையில் தூசி படிந்திருந்தால், அது ஆய்வுக்கு வருகிறவர்களுக்காக வாங்கி வைத்தது என்று பொருள். தொழிற்சாலையில் வேலை செய்கிற தகப்பனாருக்கு இதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பேராசிரியர் சொல்லாத விஷயத்தை அவர் கண் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்து விடும். "எனக்கு என்ன தெரியும்" என்று அவர் வாசலிலேயே உட்கார்ந்து விடக் கூடாது.

நூலகத்துக்குப் போங்கள். எத்தனை ஆயிரம் புத்தகம் என்று பலகையில் எழுதியிருப்பார்கள். அது இருக்கட்டும். உட்கார்ந்து படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். பத்துக்குப் பத்து அடி வீட்டில் ஆறு பேரோடு வசிக்கும் பிள்ளைக்கு, ஏழு மணி வரை திறந்திருக்கும் நூலகம் ஒரு தனி அறை கிடைத்ததற்குச் சமானம்.

அறிவிப்புப் பலகையை நின்று படியுங்கள். அது பொய் சொல்லாது. தேர்வுத் தேதி, வருகைக் குறைவுப் பட்டியல், போட்டிகள், வெளியார் சொற்பொழிவு - எல்லாம் அதில் இருக்கும். போன வருஷத்துத் தாள் இன்னும் அதில் தொங்கினால் நிர்வாகம் தூங்குகிறது என்று தெரிந்து கொள்ளலாம்.

குடிதண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். கழிப்பிடத்தை எட்டிப் பாருங்கள். இதைச் சொல்வதற்குச் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் கழிப்பிடம் சரியில்லை என்பதற்காக நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக் கொள்ளும் பெண்கள் எத்தனை பேர் என்று தாய்மாரைக் கேட்டால் தெரியும்.

யாரைக் கேட்பது?

ஆபீசில் இருப்பவர் கல்லூரியைப் பற்றி நல்லதைத்தான் சொல்வார். அது அவர் உத்தியோகம். உண்மை தெரிய வேண்டுமானால் மாணவர்களைக் கேளுங்கள். அதிலும் இரண்டாம் வருஷ மாணவரைக் கேட்பது நல்லது. முதல் வருஷத்தாருக்கு இன்னும் மயக்கம் தெளிந்திருக்காது. கடைசி வருஷத்தாருக்கு வேலைக் கவலை.

கேட்க வேண்டியவை நான்கு:

"வாத்தியார்கள் தவறாமல் வகுப்புக்கு வருகிறார்களா?"

"இந்த மெஷினில் நீ உன் கையால் வேலை செய்திருக்கிறாயா?"

"தமிழில் படித்து விட்டு வந்தவர்களுக்கு முதல் வருஷத்தில் என்ன உதவி செய்கிறார்கள்?"

"உன் தம்பியை இங்கே சேர்ப்பாயா?"

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை விட, பதில் சொல்வதற்கு முன் அந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் யோசிக்கிறான் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது கேள்வி நம் பகுதிக்கு மிக முக்கியம். அறிவு இருந்தும், ஆங்கிலத்தில் பாடம் புரியாமல் முதல் வருஷத்திலேயே நின்று விடும் பிள்ளைகள் உண்டு. அண்ணா பல்கலைக் கழகம் 2010இல் சிவில், மெக்கானிகல் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. ஆங்கில வழியில் சேர்கிறவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா, தேர்வில் தோற்றவர்களுக்கு மறுபடி சொல்லிக் கொடுக்கிறார்களா என்பதைக் கேட்டே ஆக வேண்டும்.

பேராசிரியர் ஒருவரையாவது பார்த்துப் பேசுங்கள். பிள்ளையே பேசட்டும். நம் பிள்ளைகளிடம் கேட்பதற்கு நல்ல கேள்விகள் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, படகும் வலையும் கறுத்துப் போயின. "அந்த எண்ணெயை எப்படி நீக்குவது? அதைப் பற்றி இங்கே எந்தப் பாடத்தில் படிக்கலாம்?" என்று ஓர் எண்ணூர்ப் பையன் கேட்டால், நல்ல ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். உட்காரச் சொல்லாத இடத்தைப் பற்றியும் நாம் ஒன்று தெரிந்து கொண்டோம்.

மணலிப் பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் கோபுரத்தைச் சிறு வயது முதல் பார்த்து வளர்கிற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அந்தக் கோபுரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும் ரசாயனப் பொறியியல் கிண்டியில், 1944இல் தோன்றிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் இருக்கிறது. புகையை மட்டும் பார்த்தவன் அந்தச் சோதனைக் கூடத்தை ஒரு தடவை பார்த்து விட்டால், படிப்பில் அவனுக்கு வேறு சுறுசுறுப்பு வந்து விடும்.

"100 சதவீதம் வேலை!"

இந்த வாசகத்தைப் பார்த்தவுடன் பல பெற்றோர் விழுந்து விடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு வகுப்பில் 60 பேர் என்று வைத்துக் கொள்வோம். பாக்கித் தேர்வு இல்லாதவர்கள் மட்டும் வேலைக்குப் பெயர் கொடுக்கலாம் என்கிறார்கள். பெயர் கொடுத்தவர் 20 பேர். அவர்களில் 18 பேருக்கு வேலை கிடைத்தது. விளம்பரத்தில் '90 சதவீதம்' என்று போடுவார்கள். ஆனால் வகுப்பில் வேலை பெற்றவர் 100க்கு 30 பேர்தான்! இரண்டும் கணக்குத்தான். எந்தக் கணக்கு என்று கேட்க வேண்டியது நம் கடமை.

சம்பளமும் அப்படியே. ஒருவருக்கு ஆண்டுக்கு 20 லட்சம் கிடைத்திருக்கும். அவர் படத்தைப் பெரிதாகப் போடுவார்கள். மற்றவர்களுக்கு இரண்டு லட்சமாக இருக்கலாம். "பட்டியலில் நடுவில் இருக்கிறவருக்கு என்ன சம்பளம்? என்ன வேலை? எந்த ஊரில்?" என்று கேளுங்கள். அதிலும் உங்கள் பிள்ளை சேரப் போகும் பிரிவுக்கு மட்டும் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

'நாக்' தரச் சான்று என்று வாசலில் எழுதியிருந்தால், அது எந்த வருஷம் கிடைத்தது என்று கேளுங்கள். அந்தச் சான்றுக்கு ஆயுள் உண்டு. எந்தப் பல்கலைக் கழகத்தோடு இணைந்த கல்லூரி, அந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு அனுமதி இருக்கிறதா என்பதையும் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

பண விஷயம்

கல்விக் கட்டணம் என்று ஒரு தொகையைச் சொல்வார்கள். அதோடு முடிவதில்லை. தேர்வுக் கட்டணம், சோதனைக் கூடக் கட்டணம், பஸ் கட்டணம், விடுதி, சாப்பாடு, சீருடை, புத்தகம் என்று வால் நீளும். "முதல் நாள் முதல் பட்டம் வாங்கும் நாள் வரை மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் பணம் கட்டத் தயங்குங்கள்.

நன்கொடை என்ற பெயரில் தனியாகப் பணம் கேட்பது குற்றம். அதைத் தடுக்கத் தமிழகத்தில் 1992லேயே சட்டம் வந்து விட்டது. கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைத் தங்களிடம் வைத்துக் கொள்ளக் கூடாது, சரி பார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. இதைத் தெரிந்து கொண்டு போகிறவரை ஏமாற்றுவது கடினம்.

அரசு உதவிகளையும் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கும், 2021இல் பொறியியல், கால்நடை, மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பர் 5ந் தேதி தொடங்கியது. அது தொடங்கிய இடம் எது தெரியுமா? நம் வட சென்னையின் பாரதி மகளிர் கல்லூரி! ஆண் பிள்ளைகளுக்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்டு 9ந் தேதி வந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குத் தொழில் படிப்பில் கட்டணச் சலுகை, சமூகவாரி உதவித் தொகை, மீனவர் நல வாரியத்தின் கல்வி உதவி என்று இன்னும் பல உண்டு. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே, "எங்களுக்கு எது எது கிடைக்கும்? என்னென்ன சான்றிதழ் வேண்டும்?" என்று கல்லூரியில் உதவித் தொகை பார்க்கும் குமாஸ்தாவைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். அந்தக் குமாஸ்தா முகம் கொடுத்துப் பதில் சொல்கிறாரா என்பதும் கல்லூரியைப் பற்றிய ஒரு சோதனைதான்.

தரகர்கள் விஷயத்தில் ஜாக்கிரதை! தேர்வு முடிவு வந்த மறுநாளே வீடு தேடி வருவார்கள். "இன்றைக்கே கட்டினால் லேப்டாப் இலவசம்" என்பார்கள். இலவசம் எதுவும் இல்லை. அவருடைய கமிஷனும் உங்கள் பணத்தில்தான் இருக்கிறது. பார்க்கப் போன அன்றைக்கே பணம் கட்டுவதில்லை என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே தீர்மானம் செய்து கொள்ளுங்கள். ஓர் இரவு தூங்கி எழுந்து யோசித்தால் புத்தி தெளிவாக இருக்கும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு

பெண்ணுக்குக் கல்லூரி பார்ப்பதென்றால், "பஸ் வசதி உண்டா, பாதுகாப்பு உண்டா?" என்று கேட்டு நிறுத்தி விடுகிறோம். கேட்க வேண்டியதுதான். கடைசி வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது, அங்கிருந்து ரெயில் நிலையம் எவ்வளவு தூரம், அந்தத் தெருவில் விளக்கு எரிகிறதா என்று நடந்தே பாருங்கள். பெண்களின் புகாரை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் குழு இருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயர்ப் பட்டியல் சுவரில் இருந்தால் நல்ல அடையாளம். மூத்தவர்கள் இளையவர்களைக் கேலி செய்து வதைப்பதை ஒழிக்கத் தமிழகம் 1997இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. அதற்கும் குழு உண்டா என்று கேளுங்கள்.

ஆனால் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்லிப் பெண்ணின் படிப்பை நிறுத்துவது வேறு. பாதுகாப்பான இடத்தைத் தேடிப் படிக்க வைப்பது வேறு. நேரில் போய்ப் பார்த்த தாய் பயப்படுவதில்லை. பார்க்காத தாய்தான் பயப்படுகிறாள். ஆகவே தாயைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

பக்கத்தில் இருப்பதைப் பார்த்தோமா?

கல்லூரி என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் என்று நினைக்க வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி 1950 முதல் நடக்கிறது. பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி. ஆர்.கே. நகரிலும் அரசு கலை அறிவியல் கல்லூரி உண்டு. பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் இடத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி 1938 முதல் டாக்டர்களை உருவாக்கி வருகிறது.

மாதவரத்தில் ஒரு பல்கலைக் கழகத்தின் தலைமையிடமே இருக்கிறது. 1989இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக் கழகம் அது. எண்ணூரில் மின்சார ரெயில் ஏறினால், மீஞ்சூரைத் தாண்டி பொன்னேரி. அங்கே மீன்வளக் கல்லூரி. 2012இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த மீன்வளப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தது. கடலோடு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பில் தனி இடம் உண்டா என்று போய்க் கேட்டிருக்கிறோமா? அப்பன் வலையில் கற்றதை மகன் அங்கே விஞ்ஞானமாகப் படிக்கலாம்.

தூரத்தில் உள்ள பெரிய இடத்தையும் பாருங்கள். பக்கத்தில் உள்ளதையும் பாருங்கள். குறைந்தது மூன்று கல்லூரி பார்க்க வேண்டும். ஒன்றைப் பார்த்தால் ஒப்பிட முடியாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பார்த்த அன்று இரவே பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து எழுதி வையுங்கள்: படிப்பு, செலவு, போக்குவரத்து, பேசிய மனிதர்கள். ஒரு வாரம் கழித்துப் படித்துப் பார்த்தால் எந்த இடம் என்று நோட்டே சொல்லி விடும்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது

பெற்றோருக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. கல்லூரிகளுக்கும் நாம் சில வார்த்தை சொல்ல வேண்டும்.

தினக் கூலிக்காரர் கல்லூரிக்கு வருவதென்றால் அன்றைய கூலியை விட்டு வருகிறார். அவரை "நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்புவது ஒரு நாள் சோற்றைப் பறிப்பதாகும். சேர்க்கைப் பருவத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரமாவது ஒருவர் உட்கார்ந்து பதில் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒரு வேலை நாளை, பாடம் நடக்கிற நாளாகப் பார்த்து, எல்லாரும் வந்து பார்க்கலாம் என்று அறிவிக்க வேண்டும். மொத்தக் கட்டணத்தையும், ஒவ்வொரு பிரிவிலும் சேர்ந்தவர் எத்தனை, தேறியவர் எத்தனை, வேலை பெற்றவர் எத்தனை என்பதையும் தமிழில் எழுதி வாசலில் வைக்க வேண்டும். வாசல் காவற்காரருக்கு "உள்ளே வாங்க" என்று சொல்லக் கற்றுக் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

பள்ளிகளும் களப்பயணத்துக்கு முன் ஒரு வகுப்பு ஒதுக்கி, பிள்ளைகள் ஒவ்வொருவரும் மூன்று கேள்வி எழுதிக் கொண்டு போகும்படி செய்ய வேண்டும். திரும்பி வந்த பிறகு பதிலை எழுதச் சொல்ல வேண்டும். ஐம்பது பேரைக் கும்பலாக ஓட்டிப் போவதை விட, பத்துப் பத்துப் பேராகப் பிரித்து ஒவ்வொரு குழுவோடும் ஒரு கல்லூரி மாணவரை அனுப்பினால் பயன் அதிகம்.

கடைசியாக ஒரு யோசனை. நம் பேட்டையிலேயே ஏற்கெனவே கல்லூரியில் படிக்கும் தம்பிகளும் தங்கைகளும் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு நாள், தங்கள் தெருவில் பிளஸ் 2 படிக்கும் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு போய்த் தங்கள் கல்லூரியைக் காட்டட்டும். "இதுதான் என் வகுப்பு. இங்கேதான் நான் உட்காருவேன். அடுத்த வருஷம் நீ வா" என்று சொல்லட்டும். ஆயிரம் விளம்பரத் தாள் செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்யும். இதற்கு அரசாங்க உத்தரவு வேண்டாம், திட்டம் வேண்டாம். ரெயில் டிக்கெட்டுக்கு வேண்டிய காசும், அண்ணன் அக்காவின் மனசும் இருந்தால் போதும்.